மாவுக்கோழி கூவியபோது: ஊன்மாற்று உணவின் வரலாற்றில் எண்ணமும் பொருளும்

ஆய்வுச்சுருக்கம்

தாவரப் பொருள்களைக் கொண்டு இறைச்சியின் வடிவையும் சுவையையும் பெயரையும் அமைத்துக்கொள்ளும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் ஆலைகளுக்கு முற்பட்டது. சீனத்துப் பத்தாம் நூற்றாண்டுக் குறிப்பொன்று அதனை நேர்மையின் அடையாளமாகக் காண்கிறது. தமிழ்ச் சமணக் காப்பியமான யசோதர காவியம் அதனைக் கொலைக்கு நிகரான குற்றமாகக் காண்கிறது. இவ்விரு சான்றுகளையும் முன்வைத்து ஊன்மாற்று உணவின் வரலாற்றை நோக்கி, அதனை ஏற்பதற்கு இன்று கூறப்படும் காரணங்களுள் தமிழ்ச் சூழலுக்குப் பொருந்துவன எவை என இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஊன்மாற்று, யசோதர காவியம், மாவுயிர்ப்பலி, சோயா, மீல் மேக்கர், புலால் மறுத்தல்

துணை ஆட்சியரின் ஆட்டிறைச்சி

சோயாப் பாலை உறையச் செய்து பெறும் தோஃபு என்னும் கட்டியைக் கண்டறிந்தவர் ஹுவாய்நான் இளவரசர் லியு ஆன் (கி.மு. 179–122) என்பது சீனத்தில் வழங்கும் செய்தி. இச்செய்தி அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டுத் தோன்றிய நூல்களிலேயே காணப்படுவதால் அதனைத் தொன்மமாகக் கொள்வதே தகும். தோஃபு என்னும் சொல் முதன்முதலில் எழுத்தில் இடம்பெறுவது தாவ் கு (903–970) என்பவர் தொகுத்த சிங்யீ லு என்னும் நூலில். அங்குக் கூறப்படுவது சிறு நிகழ்ச்சியே. சிங்யாங் என்னும் ஊரில் ஷி ஜி என்பவர் துணை ஆட்சியராக இருந்தார். கை தூய்மையானவர், மக்களுக்காக உழைத்தவர். இறைச்சி வாங்க அவருக்கு இயலவில்லை. நாள்தோறும் சில தோஃபுக் கட்டிகளை வாங்கி உண்டார். அதனால் ஊர் மக்கள் தோஃபுவுக்குத் ‘துணை ஆட்சியரின் ஆட்டிறைச்சி’ என்று பெயரிட்டனர்.

இக்குறிப்பு ஊன்மாற்று வரலாற்றில் உரிய கவனத்தைப் பெறவில்லை என்றே கருதவேண்டியுள்ளது. தோஃபு எழுத்தில் தோன்றும் முதல் இடத்திலேயே இறைச்சியின் பெயரையும் ஏற்றுக்கொண்டுவிடுகிறது. அப்பெயருக்குக் காரணம் சமயமுமன்று, உயிரிரக்கமுமன்று. கையூட்டு வாங்காத அலுவலரின் சம்பளம் இறைச்சிக்குப் போதவில்லை என்பதே காரணம். பகடியும் மதிப்பும் கலந்த பெயர் அது. புத்த மடங்களின் சமையலறையே ஊன்மாற்றின் ஒரே பிறப்பிடம் என்னும் பரவலான கூற்றை இதனைக் கொண்டு சற்றுத் திருத்தவேண்டும்.

மடங்களின் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. மாவைப் பிசைந்து நீரில் கழுவக் கழுவ மாப்பொருள் கரைந்து போய், இழுவைத் தன்மையுள்ள கோதுமைப் பசையம் எஞ்சும். இதனைச் சீனர் மியன்ஜின் என்பர். மாவின் தசைநார் என்பது அதன் பொருள். ஷென் குவோ (1031–1095) எஃகு உருவாவதை விளக்கும்போது, இரும்புக்குள் எஃகு இருப்பது மாவுக்குள் நார் இருப்பது போன்றது என்று இதனை உவமையாக்குகிறார். உலோகத்தொழிலை விளக்கச் சமையலறையை எடுத்துக்காட்ட வேண்டுமானால் அப்பொருள் அனைவரும் அறிந்ததாக இருந்திருக்கவேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் லின் ஹொங் எழுதிய ஷான்ஜியா சிங்கொங் என்னும் சமையல் நூலில் ‘போலிப் பொரித்த இறைச்சி’ என்றொரு பக்குவம் உள்ளது. சுரைக்காயையும் பசையத்தையும் மெல்லியதாக அரிந்து பொரித்தால் இறைச்சியிலிருந்து பிரித்தறிய முடியாது என்கிறார் அவர். அந்தப் பசையத்தை எண்ணெயிலும் சுரைக்காயை விலங்குக் கொழுப்பிலும் பொரிக்கச் சொல்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. நோன்பு அவருடைய நோக்கமாக இருந்திருக்க முடியாது. நாவை ஏமாற்றும் கலையே அங்கு இலக்கு.

மாவினால் செய்த பலி

உண்கலத்துக்கு வருவதற்கு முன்னரே மாவு விலங்கு பலிபீடத்துக்கு வந்துவிட்டது. லியாங் அரசமரபைச் சேர்ந்த வூ பேரரசர் (ஆட்சி 502–549) புத்தப் பற்றின் காரணமாக ஊனும் மதுவும் விலக்கியவர். 517-இல் முன்னோர் கோயில் பலிகளில் உயிருள்ள விலங்குகளை நீக்கி மாவினால் செய்த உருவங்களைப் படைக்குமாறு ஆணையிட்டார். நாடு முழுவதும் முணுமுணுப்பு எழுந்தது. விலங்கு இல்லையெனில் முன்னோர்க்குக் குருதிப் படையல் இல்லாது போகும் என்பது எதிர்ப்பாளர் கூற்று. மாவு உருவம் படையலின் வடிவத்தைக் காக்கும். அதன் பொருளைக் காக்குமா என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

இந்தியாவில் இவ்வினாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஊன் உண்ணும் வேட்கை மிகுமாயின் நெய்யினாலோ மாவினாலோ விலங்குருவம் செய்துகொள்ளலாம். காரணமின்றி விலங்கைக் கொல்லலாகாது என்று மனுஸ்மிருதி (5:37) கூறுகிறது. வேட்கையைத் தீர்ப்பதற்கு மாற்று உருவம் என்னும் கருத்து இங்கு வெளிப்படையாகவே உள்ளது. பிற்காலத்தில் மத்துவ மரபினர் வேள்வி விலங்குக்கு மாற்றாக மாவு விலங்கை, அதாவது பிஷ்டபசுவை ஏற்றனர். ஏனைய வைதிகர் சிலர் அதனைக் கடுமையாக மறுத்தனர்.

தமிழகக் கோயில்களிலும் வீடுகளிலும் வாகனங்களின் முன்னும் பூசணிக்காயைப் பிளந்து குங்குமம் தடவும் வழக்கத்தையும், எலுமிச்சம்பழத்தை நறுக்கிச் செந்நிறமேற்றும் வழக்கத்தையும் உயிர்ப்பலியின் மாற்றுருவாகக் கொள்வது பலரும் ஏற்ற விளக்கம். பூசணிக்காயை மட்டும் பிளந்தால் போதாது. அது சிவக்கவும் வேண்டும் என்பதே இங்கு நோக்கத்தக்கது. குருதியின் நிறம் விடப்படவில்லை.

கூவிய கோழி

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியம் மாவுப் பலியை மையமாகக் கொண்ட நூல். ஆசிரியர் பெயர் அறியப்படவில்லை. இக்கதை சமணரிடையே பெருவழக்குப் பெற்றது. சோமதேவர் 959-இல் வடமொழியில் யசஸ்திலகம் இயற்றினார். ஜன்னன் 1209-இல் கன்னடத்தில் யசோதர சரிதெ பாடினார்.

உஞ்சயினி வேந்தன் யசோதரன் தன் மனைவி அமிர்தமதி யானைப்பாகன் ஒருவன்பால் மனம் வைத்ததை அறிகிறான். உண்மையை மறைத்துத் தீக்கனாக் கண்டதாகத் தாய் சந்திரமதியிடம் கூறுகிறான். தீங்கு நீங்கத் தேவிக்கு உயிர்ப்பலி கொடு என்கிறாள் தாய். அவன் மறுக்கிறான். அவ்வாறாயின் மாவினால் கோழி செய்து பலியிடு என்கிறாள். அதற்கு இசைகிறான். வாள் விழும்போது அந்த மாவுக்கோழி கூவுகிறது. பின்னர் அமிர்தமதி இட்ட நஞ்சினால் மகனும் தாயும் இறக்கின்றனர். மயிலும் நாயுமாக, மீனும் முதலையுமாக, ஆடும் எருமையுமாக, இறுதியில் கோழிகளாகப் பிறந்து பிறந்து கொல்லப்படுகின்றனர். மாரிதத்தன் என்னும் அரசன் முன் நரபலிக்குக் கொண்டுவந்து நிறுத்தப்பெற்ற இளந்துறவியர் இருவர் தம் பழம்பிறப்பாக இக்கதையைக் கூறுவதாகக் காப்பியம் அமைந்துள்ளது.

குருதி சிந்தவில்லை, உயிர் எதுவும் போகவில்லை. ஆயினும் தண்டனை ஏழேழ் பிறப்பையும் நினைவூட்டும் அளவுக்கு நீள்கிறது. சமணக் கோட்பாடு இதற்கு விளக்கம் தருகிறது. உடலால் நிகழும் கொலை திரவிய இம்சை. உள்ளத்தில் நிகழ்வது பாவ இம்சை. மாவைக் கோழி என்று எண்ணி வெட்டியவன் கோழியையே வெட்டினான். கோழி கூவியதாகக் கூறுவது இந்த அகநிகழ்ச்சியைச் செவிப்புலனாக்கும் உத்தி என்று கொள்ளலாம். வூ பேரரசருக்கு மாவு உருவம் கொலையிலிருந்து விடுதலை. யசோதரனுக்கு அதுவே கொலை.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். காப்பியம் பேசுவது பலியைப் பற்றி, உணவைப் பற்றியன்று. தடை நியாயமானது. எனினும் தமிழக நாட்டார் வழிபாட்டில் பலிபீடமும் பொங்கற்பானையும் தொலைவில் இல்லை. பலியிட்ட கோழி அன்றே குழம்பாகிறது. யசோதரன் கதையும் இவ்வுறவை அறியாததன்று. மறுபிறப்பில் மீனாகவும் ஆடாகவும் வந்த தந்தையை, அவனுடைய நீத்தார் சடங்குக்காகவே மகன் சமைக்கச் செய்கிறான். எனவே மாவுக்கோழிக்குரிய வினாவை ஊன்மாற்று உணவின்மீதும் எழுப்புவது வலிந்து பொருள்கொள்வதாகாது.

தமிழ்ப் பௌத்தம் வேறு வழி சென்றது. மணிமேகலையில் நாகர் தலைவன், கொலையை விட்டால் எதனை உண்டு வாழ்வது என்னும் பொருள்படச் சாதுவனிடம் கேட்கிறான். முதுமையால் தானே இறந்த விலங்கை விலக்கி வேறெந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே என்பதே சாதுவன் கூறும் நெறி. நாகர் நாவுக்குப் போலி உருவம் எதனையும் அவன் கற்பிக்கவில்லை. கடைப்பிடிக்கக்கூடிய அளவுக்கு நெறியைத் தளர்த்தினான். திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமும் மாற்றுணவு எதனையும் சுட்டவில்லை. தின்பவர் இல்லையேல் விற்பவரும் இல்லை என்னும் வணிகத் தருக்கத்தையும் முன்வைக்கிறது. தமிழ் அறநூல் மரபில் ஊன் விலக்கு உண்டு, ஊன்மாற்று இல்லை என்று கூறலாம்.

மாற்று தோன்றுவது வேறிடத்தில். பாசிப்பயற்றை அரைத்து அவித்துத் துண்டுகளாக்கிச் செய்யும் சைவ ஈரல் குழம்பு, வாழைக்காயை மீன் துண்டம்போல் அரிந்து வைக்கும் சைவ மீன் குழம்பு, கறிமசாலையில் இடும் பலாப்பிஞ்சு ஆகியவை தமிழக வீடுகளில் வழங்குகின்றன. தலைமுறை தலைமுறையாக ஊன் அறியாத குடும்பங்களுக்கு இவை வேண்டுவதில்லை. ஈரல் என்னும் பெயரே அவர்களுக்கு உவப்பாகாது. புரட்டாசியிலும் கார்த்திகை மாலைக்காலத்திலும் வெள்ளி செவ்வாயிலும் மட்டும் விலக்கி, ஏனைய நாள்களில் உண்பவர்களின் சமையல் இது. ஊன்மாற்று என்பது ஊனை அறிந்த நாவுக்குரியது. சீனத்திலும் துறவியரைக் காட்டிலும் மடத்துக்கு வந்துசெல்லும் இல்லறத்தாருக்கே இத்தகைய உணவு மிகுதியும் தேவைப்பட்டிருக்கவேண்டும்.

ஆலையில் பிறந்த இழை

அமெரிக்காவில் 1863-இல் அமைப்புப் பெற்ற ஏழாம்நாள் அட்வெண்டிஸ்ட் திருச்சபை உடல்நலத்தைச் சமயக் கடமையாகக் கொண்டது. அச்சபையைச் சார்ந்த பாட்டில் கிரீக் நலவாழ்வு இல்லத்தை 1876 முதல் நடத்திய ஜான் ஹார்வி கெல்லாக், நிலக்கடலையைக் கொண்டு நட்டோஸ் என்னும் பண்டத்தையும், பின்னர் நிலக்கடலையும் கோதுமைப் பசையமும் கலந்த புரோட்டோஸ் என்பதையும் உருவாக்கினார். பிந்தையதற்கான காப்புரிமை 1901-இல் கிடைத்தது. தகரக் குவளையில் அடைக்கப்பட்ட ஊன்மாற்று இவ்வாறு கடைச்சரக்காயிற்று.

அடுத்த திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஹென்றி ஃபோர்டின் ஆய்வகத்தில் சோயாப் புரதத்தை நூலாக நூற்று, வாகன இருக்கைக்கும் ஆடைக்கும் பயன்படுத்த முயன்றவர் ராபர்ட் பாயர். உடுக்கும் இழையை உண்ணும் இழையாக மாற்றலாம் என்பது அவருக்குத் தோன்றிய எண்ணம். 1954-இல் காப்புரிமை பெற்றார். நூற்றல் முறை செலவு மிக்கது. 1970-இல் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனத்தின் வில்லியம் அட்கின்சன் பெயரில் காப்புரிமை பெற்ற முறை அதனினும் எளியது. எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சோயா மாவை நீருடன் கலந்து, வெப்பமூட்டிய உருளைக்குள் திருகினால் அழுத்திச் சிறு துளை வழியே வெளித்தள்ளுவர். துளையைக் கடந்ததும் அழுத்தம் சட்டெனக் குறையும். உள்ளிருக்கும் நீர் ஆவியாகி மாவைப் பொரியச் செய்யும். பஞ்சுபோன்ற, நாரோட்டமுள்ள உருண்டை கிடைக்கும். நம் கடைகளில் விற்கும் சோயா உருண்டை இதுவே. சமயமோ இரக்கமோ இதன் உற்பத்திக்குக் காரணமில்லை. எண்ணெய் ஆலையின் பிண்ணாக்குக்குச் சந்தை தேடியதே காரணம். அமெரிக்க அரசு 1971-இல் பள்ளி மதிய உணவின் இறைச்சியில் 30 விழுக்காடு வரை இதனைக் கலக்க இசைவளித்தது விலை கருதியே.

மீல் மேக்கரும் சோயா மீட்டும்

இந்தியாவில் சோயாவைப் பற்றிய பேச்சு அதற்கு முற்பட்டது. காந்தியடிகள் 1935-இல் வார்தா மகன்வாடியில் சோயா உணவைச் சோதித்து ஹரிஜன் இதழில் எழுதினார். பரவலான பயிரீடு 1960-களின் இறுதியில், இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன் பந்த்நகரிலும் ஜபல்பூரிலும் நிகழ்ந்த ஆய்வுகளுக்குப் பின்னரே தொடங்கியது. மத்தியப் பிரதேசத்தின் கரிசல் நிலங்களில் பரவிய சோயா, எண்ணெய்க்காகவே பயிரிடப்பட்டது.

தமிழ்நாட்டில் அந்த உருண்டை மீல் மேக்கர் என்றே அறியப்படுகிறது. வணிகப் பெயர் பொதுப்பெயரான நிகழ்வு இது. பெயரில் இறைச்சியின் சாயல் இல்லை. இலங்கைத் தமிழர் அதே பொருளைச் சோயா மீட் என்பர். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர் சைவ உணவகங்களில் போலி மட்டன் பிரட்டலைக் காணலாம். அதற்குரிய பொருள் சீனர் கைவழி வந்தது. தாவ் கு குறித்த பத்தாம் நூற்றாண்டுப் பகடிப் பெயரின் தொடர்ச்சி, கடல் கடந்த தமிழரின் வாழை இலைக்கு வந்து சேர்ந்திருப்பதாகக் கொள்ளலாம்.

பெயர் பற்றிய வழக்கு இன்று ஐரோப்பாவில் நீதிமன்றம் வரை சென்றுள்ளது. தாவரப் பண்டத்துக்கு ஸ்டேக் போன்ற பெயர்களை இடுவதைத் தடுக்கப் பிரான்ஸ் பிறப்பித்த ஆணையை ஒட்டி, ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 அக்டோபரில் அத்தகைய பொதுத்தடை செல்லாது என்றது, பூசல் ஓயவில்லை. தமிழில் இப்படியொரு சட்டம் எழுதப்புகுந்தால் முதற்சொல்லிலேயே இடறும். சங்க இலக்கியத்தில் கறி என்பது மிளகு. இன்று கறிக்கடை என்றால் இறைச்சிக் கடை. காய்கறிக் கடை என்றால் காய்க்கடை. இலங்கையில் மரக்கறி என்பதே காய்களுக்குரிய இயல்பான சொல்.

காரணங்கள்

ஊன்மாற்றை ஏற்கவேண்டும் என்போர் கூறும் காரணங்களுள் சூழலியல் முதன்மையானது. ஜோசப் பூர், தாமஸ் நெமசெக் ஆகியோர் 2018-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, விலங்குவழி உணவுகள் உலக வேளாண் நிலத்தில் 83 விழுக்காட்டைப் பயன்படுத்தி 37 விழுக்காடு புரதத்தையும் 18 விழுக்காடு கலோரியையும் தருகின்றன. இந்த எண்களை அப்படியே இராமநாதபுரத்துக் கரம்பில் மேயும் வெள்ளாட்டின்மீது ஏற்றுவது பிழை. வேறெதுவும் விளையாத நிலத்தை உணவாக்கும் உயிர் அது. ஆனால் தமிழ்நாட்டில் இன்று மிகுதியாக உண்ணப்படுவது வெள்ளாடன்று; பல்லடம் பகுதிக் கொட்டகைகளில் வளரும் பிராய்லர் கோழி. அதன் தீவனம் மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும். அதே பிண்ணாக்குதான் மீல் மேக்கருக்கும் மூலப்பொருள். ஆகவே தமிழ் நுகர்வோர் முன்னுள்ள தெரிவு மிகத் துல்லியமானது: அந்தச் சோயாவைக் கோழி வழியாக உண்பதா, நேரே உண்பதா? கோழி தான் உயிர்வாழ்வதற்கும் இறகும் எலும்பும் வளர்ப்பதற்கும் தீவனத்தின் பெரும்பகுதியைச் செலவிடுகிறது. மாற்றுணவுக்குத் தமிழ்ச் சூழலில் உள்ள வலுவான காரணம் இதுவே என்பது என் கருத்து.

ஊட்டச்சத்துக் காரணத்தைச் சற்று அடக்கியே கூறவேண்டும். உலர்ந்த சோயா உருண்டையில் ஏறத்தாழ பாதி புரதம் என்பது உண்மை. ஊறவைத்தால் அது தன் எடையைப்போல் இரு மடங்குக்கு மேல் நீரை ஏற்கும். இலையில் விழும் உருண்டையின் புரத அளவு அதற்கேற்பக் குறையும். பி12 உயிர்ச்சத்து அதில் இல்லை. விலை குறைவு, கெடாமல் இருக்கும், சமைக்க எளிது என்பனவே ஏழைக் குடும்பங்களில் அதற்கு இடம் தேடித் தந்தவை. ஷி ஜியின் காரணமும் இதுவே.

தூய்மை என்னும் காரணம் இங்குச் செல்லுபடியாகாது என்பது மட்டுமன்றித் தீங்கும் பயக்கும். 2014 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 98 விழுக்காட்டினர் ஊன் உண்பவர். சாதியுயர்வின் குறியாகச் சைவ உணவு முன்னிறுத்தப்பட்ட வரலாறு அவர்களுக்குத் தெரியும். 1950-ஆம் ஆண்டின் விலங்கு, பறவை பலித் தடைச் சட்டத்தை 2003-இல் தமிழக அரசு கண்டிப்புடன் செயற்படுத்த முனைந்தபோது, நாட்டார் தெய்வ வழிபாட்டின்மீதான தாக்குதலாகவே அது எதிர்க்கப்பட்டது. 2004-இல் சட்டம் நீக்கப்பட்டது. கிடா வெட்டும் ஊரில் பூசணிக்காயை ஆணையால் புகுத்த முடியவில்லை. வூ பேரரசரின் அவையில் எழுந்த முணுமுணுப்பை இங்கு நினைவுகூரலாம்.

உயிரிரக்கம் என்னும் காரணம் யசோதரனை மீண்டும் எதிரே நிறுத்துகிறது. அமெரிக்காவில் 2016-இல் விற்பனைக்கு வந்த இம்பாசிபிள் பர்கர், சோயா வேர்முடிச்சில் உள்ள ஹீம் புரதத்தை நொதியத்தில் விளைவித்துச் சேர்த்து, வெட்டும்போது குருதிபோல் கசியுமாறு அமைக்கப்பட்டது. மாவுக்கோழியைக் கூவச்செய்தது தெய்வச்செயல் என்றது பழங்கதை. இன்று அதற்குரிய வேதியியல் உள்ளது. சமண நோக்கில் அக்கசிவைக் கண்டு மகிழும் உள்ளம் குற்றமுடையது. விளைவை மட்டும் நோக்கும் அறத்தில் ஒரு மாடு பிழைத்தது, கணக்கு முடிந்தது. ஆயினும் அந்நிறுவனம் ஹீமின் பாதுகாப்பை மெய்ப்பிக்க எலிகளைக் கொண்டு சோதனை நடத்தியது என்பதும், 2017-இல் விலங்குரிமை அமைப்புகளின் கண்டனத்துக்கு உள்ளானது என்பதும் இக்கணக்கைச் சிக்கலாக்குகின்றன. யசோதரனின் மாவுக்கோழிக்காவது எந்த எலியும் இறக்கவில்லை.

யசோதரனின் குற்றம் மாவைக் கோழியாக வடித்ததில் இருந்ததா, வாளை எடுத்ததில் இருந்ததா என்பதைக் காப்பியம் பிரித்துக் கூறவில்லை. பிரித்துப் பார்க்கலாம் எனில், புரட்டாசியில் சைவ ஈரல் வைக்கும் தாய்க்கும் யசோதரனுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும். அவள் எதனையும் வெட்டுவதாக எண்ணுவதில்லை. குழந்தைகள் ஒரு மாதம் முகம் சுளிக்காமல் உண்ணவேண்டும் என்றே எண்ணுகிறாள். இத்தகைய பக்குவங்கள் எந்த வட்டாரத்தில், எந்தச் சமூகத்தாரிடையே, எப்பெயரில் வழங்குகின்றன என்பதைக் களஆய்வின்வழித் தொகுத்து, அச்சேறிய தமிழ்ச் சமையல் நூல்களுடன் ஒப்பிட்டால் சைவ ஈரலின் வயதையேனும் ஓரளவு கணிக்க முடியும்.